விடி எழுத்தை அழிப்பதற்கு முன்

"அக்கா, ஒரு விமானத்தோட இந்தியப் பதிவை நீக்கணும்னா, ஒரிஜினல் பதிவுச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துட்டா முடிஞ்சுதா?" ஆர்.கே.புரத்திலிருந்து எங்கள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி போன வாரம் கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். குத்தகைக்கு விட்ட விமானங்களைத் திரும்பப் பெறும்போது அவற்றின் ஆவணங்களைப் பார்ப்பது என் வேலை. ஜோர் பாக் மெட்ரோவில் இறங்கி, சஃப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும், விமானங்களைப் பதிவு செய்யும் அரசுத் துறையான டிஜிசிஏவின் அலுவலகத்துக்கு 11 வருடமாக நடக்கிறேன்.

ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளின் பதிவேட்டில் இருக்கக் கூடாது. இது விமானப் போக்குவரத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சிகாகோ உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு. இந்தியப் பதிவேட்டில் இருக்கும் விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவு எழுத்துகள் 'விடி' (VT) என்று தொடங்கும். இந்தியா தன் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கியதும், அடுத்த நாடு சேர்க்கும் வரை அந்த விமானத்துக்கு நாடே கிடையாது, பறக்கவும் முடியாது. அந்த இடைவெளியை ஓரிரு நாளுக்குள் முடிப்பதற்காகத்தான் முன்வேலை எல்லாம்.

முதலில், யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். விமான நிறுவனமும் உரிமையாளரும் ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. விண்ணப்பம், ஒரிஜினல் பதிவுச் சான்றிதழ், நிறுவனத்தின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்ந்து போகும். ஒத்துப்போகாதபோது கை கொடுப்பது ஐடெரா. பதிவை நீக்கி வெளிநாட்டுக்கு அனுப்ப, குத்தகைக்கு எடுத்தவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும், திரும்பப் பெற முடியாத அதிகாரம் அது. அது டிஜிசிஏவில் பதிவாகியிருந்தால், விமான விதி 30(7)இன்படி 5 வேலை நாளில் பதிவை நீக்க வேண்டும். ஐடெரா பதிவானதா என்பதைக் குத்தகை தொடங்கும் வாரத்திலேயே பாருங்கள். நிறுவனம் நொடிந்த பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.

விதியில் 5 நாள் என்று இருந்தாலும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனு போட்டபோது, அதன் வசம் இருப்பதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற தடையாணை குறுக்கே வந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது 2024 ஏப்ரல் 26இல்தான். ஏறக்குறைய ஒரு வருடம் அத்தனை விமானங்களும் தரையில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர், கடன் கொடுத்தவர் ஆகியோரின் உரிமையைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான கேப் டவுன் உடன்படிக்கைக்கு உள்நாட்டில் சட்டபலம் தரும் சட்டம் 2025 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்தது டப்ளினில் இருக்கும் சர்வதேசப் பதிவகம். அங்கே அந்த விமானத்தின் பெயரில் யாருக்கெல்லாம் உரிமை பதிவாகியிருக்கிறது என்று தேடல் சான்றிதழ் எடுங்கள். உங்களுக்கு முந்தைய உரிமையாக ஏதாவது இருந்தால் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உரிமை உள்ளவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நான் இதில் பட்டிருக்கிறேன். கடன் அடைந்து பல வருடம் ஆகியும் ஒரு வங்கி தன் பதிவை எடுக்காமல் விட்டிருந்தது. அந்த வங்கியில் அதைப் பார்த்தவர் வேலையை விட்டே போயிருந்தார். சரியான ஆளைக் கண்டுபிடித்துப் பதிவை எடுக்க வைப்பதற்குள் 3 வாரம் போனது. கூடவே தயாரிப்பாளர் கொடுத்த வரிசை எண் எல்லாத் தாளிலும் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் படியுங்கள்.

ஏற்றுமதிக்கான, விமானம் பறக்கத் தகுதியானது என்று காட்டும் சான்றிதழ் வேலையைப் பதிவு நீக்கத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். விமானத்தையும் பராமரிப்புப் பதிவுகளையும் பார்க்க அதிகாரிகள் வர வேண்டியிருக்கும். பார்க்கிங், தரையிறங்கும் கட்டணப் பாக்கியையும் தீர்த்து வையுங்கள். பதிவு நீங்கினாலும் பாக்கிக்காக விமானத்தைப் பிடித்து வைக்க முடியும்.

அப்புறம் பதிவு நீங்கும் நாள். பெயிண்டர், ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) என்ஜினியர், சுங்க ஏஜென்ட் மூவரும் தயாராக இருக்கட்டும். விடி எழுத்துகள் போய்ப் புது எழுத்துகள் வர வேண்டும். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரிலும், விபத்தில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் அவசரக்கால பீக்கனிலும் இருக்கும் குறியீடுகளும் மாற வேண்டும். பதிவு நீங்கிய தகவல் புது நாட்டு அதிகாரியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே போனில் கேளுங்கள். அவர் "வந்துவிட்டது" என்று சொன்ன பிறகே பெயிண்டரை ஏணியில் ஏறச் சொல்லுங்கள்.