டொராண்டோ குளிர்ல கறிவேப்பிலையக் காப்பாத்துறது எப்படி? மதுரைப் பக்கத்துல இருந்து புதுசா வர்றவங்களுக்கு

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். இன்னைக்கு வெள்ளன திருநகர்ல தள்ளுவண்டிக்கார அக்கா, காய் வாங்குனதுக்குக் கொசுறா ரெண்டு கொத்து கறிவேப்பிலையும் கொஞ்சம் மல்லித்தழையும் பையில வச்சு விட்டாங்க. டொராண்டோவுல டிசம்பர் மாசம் இதுக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கும், அதான் இங்கிட்டிருந்து புதுசா அங்க போறவங்களுக்கு இத எழுதுறேன்.

மொதல்ல, ஊர்ல இருந்து மண்ணோட செடியப் பெட்டியில போட்டுக் கொண்டு போயிடாதீங்க, அனுமதி கிடையாது. சம்மர்ல அங்கயே நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா கன்று கிடைக்கும்.

அங்க பிரச்சினையே வெளிச்சம்தான். டிசம்பர்லகூட மதுரைல பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கும், டொராண்டோவுல 9 மணி நேரம்தான், அதுலயும் பாதி நாள் மேகமாவே கெடக்கும். அதனால செடி வளர்க்குறதுக்குன்னே விக்கிற எல்இடி விளக்கு, க்ரோ லைட்னு சொல்லுவாங்க, அத ஒண்ணு வாங்கி, செடிக்கு ஒரு அடி மேல மாட்டி, டைமர் வச்சு தினம் 12-14 மணி நேரம் எரிய விடுங்க.

புதினா ரொம்ப சுலபம், கடையில வாங்குன கட்டுல நல்ல தண்டா நாலு எடுத்து தண்ணியில வச்சா பத்து நாளுல வேர் விட்டுரும். மல்லி விதைய முழுசா போடாம சப்பாத்திக் கட்டையால லேசா உருட்டி ரெண்டா உடச்சு, ராத்திரி ஊற வச்சுப் போடுங்க, முளைக்க ரெண்டு வாரம்கூட ஆகும், பொறுமையா இருங்க. வெந்தயம் அஞ்சாறு நாளுலயே முளைச்சுரும். தொட்டி எதுவா இருந்தாலும் சரி, தயிர் டப்பாகூட போதும், ஆனா அடியில ஓட்டை கட்டாயம் வேணும்.

கறிவேப்பிலைக்குத்தான் நெறைய சொல்லணும். குளிர்ல அது தூங்கப் போயிரும், இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டும், பாக்க வெறும் குச்சியா நிக்கும். என் மொத வருஷம் செத்துப்போச்சுன்னு நெனச்சு, பாவம், உயிரோட இருந்த செடியக் குப்பையில போட்டுட்டேன், இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. நகத்தால தண்டுல லேசாக் கீறிப் பாருங்க, தோலுக்கு அடியில ஈரமா பச்சைக் கோடு தெரிஞ்சா உயிர் இருக்கு. இலை கொட்டுதேன்னு பயந்து தண்ணியா ஊத்துறதுதான் அதக் கொல்லுது, வேர் அழுகிரும். விரல மண்ணுக்குள்ள ரெண்டு கணு விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. குளிர்காலத்துல உரமும் வேணாம், தொட்டி மாத்தவும் வேணாம். ஜன்னல் கண்ணாடில இலை பட விடாதீங்க, ஹீட்டர் காத்து நேரா அடிக்கிற எடத்துலயும் வைக்காதீங்க.

மார்ச் மாசம் வெயில் ஏற ஏற நுனியில செவப்பும் பச்சையுமா சின்னதாத் துளிர் வரும். அதப் பாத்த சந்தோஷத்துல உடனே வெளிய தூக்கி வைக்காதீங்க, மே கடைசி வரைக்கும் உள்ளயே இருக்கட்டும், அப்புறமும் மொத ஒரு வாரம் நெழல்லதான் வைக்கணும்.