இந்திய ரூபாய், இலங்கை ரூபாய்: பழைய மாற்று விகிதம் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இரண்டுக்கும் பெயர் ரூபாய்தான். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அட்டவணையில் 4.62 என்றிருந்தால், அது ஒரு இந்திய ரூபாய்க்குக் கிடைக்கும் இலங்கை ரூபாய். 0.2165 என்றிருந்தால் தலைகீழ். இந்த இரண்டாவது எண்ணை 0.22 என்று சுருக்கிவிட்டு ஐந்து லட்சம் இலங்கை ரூபாயைப் பெருக்கிப் பாருங்கள்: 1,10,000 வரும். 4.62-ஆல் வகுத்தால் 1,08,225தான். சுருக்கிய ஒரே காரணத்தால் 1,775 ரூபாய் பிசகு. இலங்கை ரூபாயிலிருந்து மாற்றும்போது நூறு ரூபாய்க்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சராசரியைத் தலைகீழாக்குவது இன்னொரு வழுக்கல். ஒரு மாதம் 2.50, மறு மாதம் 5.00 என்றால் சராசரி 3.75, அதன் தலைகீழ் 0.267. ஆனால் 0.40, 0.20 என்று தனித்தனியே திருப்பிப் பிறகு சராசரி எடுத்தால் 0.30. முதலில் தனித்தனியே மாற்றிவிட்டு, அதன் பிறகு சராசரி எடுங்கள்.

‘இந்திய ரூபாய்தான் எப்போதும் பெரியது’ என்ற நினைப்பு 1966-ஐப் பார்க்காதவர்களுடையது. அதுவரை இரண்டும் சமம். டாலருக்கு இரண்டுமே 4.76. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை 7.50-க்கு இறக்கியது. இலங்கை அசையவில்லை. அன்றிலிருந்து ஒரு இலங்கை ரூபாய்க்கு 1.575 இந்திய ரூபாய். 1967 நவம்பரில் இலங்கையும் 5.95-க்கு இறக்கியபோது அது 1.26 ஆனது. இந்தப் பதினேழு மாதக் கணக்கைச் சமம் என்று போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும்.

இதைவிட ஆழமான குழி 1968 முதல் 1977 வரை. எஃப்.ஈ.ஈ.சி. எனப்பட்ட அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை இலங்கையில் நடப்பில் இருந்த காலம் அது. தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அத்தியாவசிய இறக்குமதிக்கும் அதிகாரபூர்வ விகிதம். மற்றவற்றுக்கு அதன்மேல் ஒரு கூடுதல். தொடக்கத்தில் 44 சதவீதம், பிறகு 55, கடைசியில் 65. முதல் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 5.95-உடன் 44 சதவீதம் கூட்டினால் டாலருக்கு 8.57. இந்தியாவில் அப்போது 7.50. ஆக, அதிகாரபூர்வக் கணக்கில் 1.26 இந்திய ரூபாய் பெறும் இலங்கை ரூபாய், சான்றிதழ்க் கணக்கில் 0.875தான். எது பெரிய ரூபாய் என்பதே மாறிவிடுகிறது! பழைய அட்டவணைகள் பெரும்பாலும் ஒற்றை எண்ணைத்தான் காட்டும். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி அந்த ஆண்டுகளில் தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்களின் சேமலாப நிதிப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தை ஆராய்பவர்கள், எந்த விகிதத்தில் மாற்றினார்கள் என்பதை அந்தந்த வங்கிச் சீட்டில் பார்க்காமல் எழுதவே கூடாது. 1977 நவம்பரில் இரட்டை விகிதம் ஒழிந்து டாலருக்கு 16 ஆனது. அதிகாரபூர்வக் கணக்கிலும் இந்திய ரூபாய் பெரியதானது அதன் பிறகுதான்.

விகிதம் நகர்ந்தால் கொழும்புதான் காரணம் என்று எழுதிவிடுவார்கள். 1991 ஜூலையில் ஒரு இந்திய ரூபாய் ஏறத்தாழ 1.95-லிருந்து 1.6 அளவுக்கு விழுந்தது. இலங்கை ரூபாய் டாலருக்கு 41-ஐ ஒட்டியே நின்றது. இந்தியா இரண்டு தவணையாக மதிப்பிறக்கம் செய்ததில் டாலர் 21-லிருந்து 26-க்குப் போனது. அதனால் இரண்டு நாணயங்களின் டாலர் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது அசைந்தது என்று தெரியும்.

இந்தியாவின் அன்றாட ரெஃபரன்ஸ் ரேட்டை, அதாவது ஒப்பீட்டுக்கான அதிகாரபூர்வ மாற்று விகிதத்தை, 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) நிறுவனம் வெளியிடுகிறது, அதில் இலங்கை ரூபாய் கிடையாது. (யென் இருக்கிறது, ஆனால் நூறு யென்னுக்கு. அதை ஒரு யென் என்று படித்துவிட்டு நூறு மடங்கு பிசகுபவர்கள் தனி ரகம்.) எனவே டாலர் வழியாகத்தான் போக வேண்டும்: இலங்கையின் டாலர் விகிதத்தை இந்தியாவின் டாலர் விகிதத்தால் வகுக்க வேண்டும். இரண்டும் ஒரே தேதியாக இருக்க வேண்டும். ஒருபக்கம் வாங்கும் விலை, மறுபக்கம் விற்கும் விலை என்று கலக்காமல் இரண்டிலும் நடுவிலையை எடுக்க வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் கொழும்பில் வங்கி இல்லை, மும்பையில் உண்டு. அப்படிப்பட்ட நாளில் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக விடாமல் முந்தைய வேலைநாளின் எண்ணைப் போடுங்கள்.

2022-க்கு ஆண்டுச் சராசரி உதவாது. ஆண்டுத் தொடக்கத்தில் இலங்கையில் டாலர் 200 ரூபாயை ஒட்டி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. மார்ச் 7-க்குப் பிறகு பிடி தளர்ந்து, மே மாதம் 360-ஐத் தொட்டது. 10,000 இந்திய ரூபாய் பிப்ரவரியில் ஏறத்தாழ 27,000 இலங்கை ரூபாய், ஜூனில் 46,000. பிடித்து வைத்திருந்த மாதங்களில் உண்டியல்காரர்கள் (வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தருபவர்கள்) வங்கியைவிட நன்றாகவே கூட்டிக் கொடுத்தார்கள், ஆகவே அப்போதைய வங்கி விகிதம் ஊரில் பணம் கைமாறிய விலையைச் சொல்லாது.

கடைசியாக, 1957 ஏப்ரலுக்கு முந்தைய இந்தியச் சீட்டுகள். இலங்கை 19ஆம் நூற்றாண்டிலேயே சதத்துக்கு மாறிவிட்டது. இந்தியாவில் 1957 வரை அணா. 3-8-0 என்றிருந்தால் 3.80 அல்ல. மூன்று ரூபாய் எட்டு அணா, அதாவது 3.50.