ரிபேராவின் புனித பிலிப்புவை நின்று பார்ப்பது எப்படி

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பெயினின் புகழ்பெற்ற ஓவியர் வெலாஸ்கெஸைப் பார்த்து முடித்து, மிச்சமிருக்கும் தெம்பில்தான் அவர் காலத்து இன்னொரு ஓவியரான ரிபேராவிடம் வருகிறார்கள். முதல் தடவை நானும் அப்படி வந்து, இரண்டே நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன். அடுத்த தடவை கதவு திறந்ததும் நேராக அவரிடம் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இயேசுவின் சீடர் பிலிப்பு தன் விசுவாசத்துக்காகக் கொல்லப்படுவதைச் சொல்லும் 'புனித பிலிப்புவின் மறைசாட்சியம்', களைத்த கண்ணுக்கு வெறும் சித்திரவதைக் காட்சியாகத்தான் படும்.

1639-இல் தீட்டிய எண்ணெய் வண்ணப் படம். உயரம் 234 செ.மீ., அகலமும் அதே 234. பக்கத்திலுள்ள பெயர்ப்பலகையை இப்போதைக்குப் படிக்க வேண்டாம். ஏழெட்டு அடி தள்ளி நின்று, முகத்தை விட்டுவிட்டுக் கயிற்றைப் பாருங்கள். பிலிப்புவின் இரண்டு கைகளும் ஒரு குறுக்குக் கட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டையைக் கம்பத்தின் மேலே ஏற்றுவதற்காக ஆட்கள் உடல் பாரம் மொத்தத்தையும் கொடுத்துக் கயிற்றை இழுக்கிறார்கள். இன்னொருவன் அவர் காலைப் பிடித்துத் தூக்குகிறான். ரத்தம் எங்கேயும் இல்லை. உயிர் போகும் கணத்தை ரிபேரா தொடவேயில்லை. அதற்கு முந்தைய உழைப்பைத்தான் வரைந்திருக்கிறார். ஒரு மனிதனின் எடை இன்னொருவன் தோளில் எப்படி இறங்குகிறது என்பதுதான் இந்தப் படத்தின் உயிர் என்பேன்.

கயிற்றைப் பார்த்தால் இன்னொரு குழப்பமும் தீரும். இதை இயேசுவின் இன்னொரு சீடரான புனித பர்த்தலமேயு என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். நான் முதலில் பார்த்த அச்சுப் பிரதியிலும் அந்தப் பெயர்தான் போட்டிருந்தது. பர்த்தலமேயு உயிரோடு தோல் உரிக்கப்பட்டவர். அவர் படத்தில் கத்தி இருக்கும். இங்கே கத்தியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. எந்தப் புனிதர் படமானாலும் முகத்தை நம்பாதீர்கள், கருவியைத் தேடுங்கள்.

இனி அருகே போங்கள், காவலர் அனுமதிக்கும் தூரம் வரை. விலாவும் அக்குளும் சேரும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். ரிபேரா சாயத்தைக் கெட்டியாக வைத்து, தோல் சுருங்கும் திசையிலேயே தூரிகையை இழுப்பவர். தூரிகை மயிர் விட்டுப் போன கோடே தோலின் வரியாகிவிடும். வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் நகர்ந்தால் அது மேடும் பள்ளமுமாகத் தெரியும். இதை எந்தத் திரையும் காட்டாது. இதற்காகவே நேரில் போகலாம்.

பிறகு மேலே பாருங்கள். நீல வானம், வெள்ளை மேகம். அவருடைய ஆரம்ப காலப் படங்களில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வழி வந்த கரிய இருட்டுதான் பின்புலம். 1630-களில் அந்த இருட்டு விலகி வெளிச்சம் உள்ளே வருகிறது. கீழே இடப்பக்கம் குழந்தையை ஏந்திய ஒரு பெண் நம்மைப் பார்க்கிறாள். நான் அதிக நேரம் நின்றது அவளிடம்தான்.

கடைசியாகக் கையெழுத்தைத் தேடுங்கள். படத்தின் கீழ்ப்பகுதியில், பெயரோடு சேர்த்து 'எஸ்பான்யோல்', அதாவது 'ஸ்பானியர்' என்று எழுதியிருக்கிறார். ஒரு ஓவியர் தன் படத்தில் இதை ஏன் எழுத வேண்டும்? ஹுசேப்பே தெ ரிபேரா 1591-இல் வாலென்சியா பகுதியின் ஷாதிவாவில் செருப்புத் தைப்பவர் மகனாகப் பிறந்தார். இளம் வயதிலேயே இத்தாலிக்குப் போய்விட்டார். பார்மா, ரோம், பிறகு 1616-இல் நேப்பிள்ஸ். அங்கே ஓவியர் அட்சொலினோவின் மகளை மணந்து, 1652-இல் அங்கேயே இறந்தார். திரும்பவேயில்லை. ஆனால் அன்றைய நேப்பிள்ஸை ஆண்டவர்கள் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதிகள். அவர்கள் படங்களை வாங்கித் தாய்நாட்டுக்கு அனுப்பினார்கள். ஆள் நேப்பிள்ஸில் இருக்க, படங்கள் கப்பலேறின. நேப்பிள்ஸ்காரர்களுக்கு அவர் 'ஸ்பான்யொலெட்டோ', குட்டி ஸ்பானியர்.

ஏன் ஊர் திரும்பவில்லை என்று ஓவியர் ஹுசேப்பே மார்த்தினெஸ் கேட்டிருக்கிறார். ஸ்பெயின் அந்நியருக்கு அன்பான தாய், சொந்தப் பிள்ளைகளுக்குக் கொடுமைக்காரச் சிற்றன்னை என்ற பொருளில் ரிபேரா பதில் சொன்னதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அப்படிச் சொன்னவரே படத்துக்குப் படம் 'எஸ்பான்யோல்' என்று எழுதினார். அந்த ஒரு சொல்லில் பெருமையும் ஏக்கமும் சேர்ந்தே இருப்பதாக எனக்குப் படுகிறது.

வாய்ப்பு கிடைத்தால் அடுத்து நேப்பிள்ஸ் பேராலயத்துக்குப் போங்கள். அந்த ஊரின் காவலரான புனித ஜென்னாரோ சூளையிலிருந்து காயமின்றி வெளியே வரும் காட்சியை, அவருடைய சிற்றாலயத்துக்காக 1646-இல் ரிபேரா செப்புத் தகட்டின் மேல் தீட்டினார். அது கப்பலேறவில்லை. எந்தப் பீடத்துக்காக வரைந்தாரோ, இன்றும் அங்கேதான் இருக்கிறது.