இடைக்கால ஐரோப்பாவின் தான தர்மம்: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

இடைக்காலக் கிறிஸ்தவர்களின் தர்மத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலர் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள்: "வறுமையை ஒழிக்கத் திருச்சபை பாடுபட்டது." வறுமையை ஒழிப்பது அன்று யாருடைய திட்டத்திலும் இல்லை. ஏழை என்றும் இருப்பார் என்றே நம்பினார்கள். பணக்காரர் பிச்சையிட்டுப் பாவம் கழுவினார். வாங்கியவர் அவருடைய ஆன்மாவுக்காக ஜெபித்தார். கொடுக்கல் வாங்கல்தான், ஆனால் போலித்தனம் அல்ல.

பிரான்சின் போன் நகரில், பர்கண்டி கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலன் 1443இல் நிறுவிய ஏழைகளுக்கான மருத்துவமனையைப் பாருங்கள். அதை இன்றைய ஆஸ்பத்திரி போல நினைத்தால் பாதி விஷயம் நழுவிவிடும். நீண்ட கூடம், இருபுறமும் கட்டில் வரிசை, கோடியில் சிற்றாலயம். படுத்தபடியே திருப்பலி வழிபாட்டைக் காண முடிந்தது. அன்று பீடத்தில் இருந்தது ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம். கதவு போன்ற அதன் சிறகுகளை மூடினால் வெளிப்பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவர்கள் ரோலனும் அவர் மனைவி கிகோனும். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை!

பிரான்சிஸ்கன் துறவற சபையைத் தொடங்கிய அசிசி பிரான்சிசைக் காட்டி "அன்று ஏழ்மையே போற்றப்பட்டது" என்பது இன்னொரு தவறு. அவர் துணி வியாபாரியின் மகன். வறுமையைத் தாமே தேர்ந்தெடுத்தவர். வேறு வழியின்றிப் பட்டினி கிடந்தவருக்கு அந்த மரியாதை தானாக வந்துவிடவில்லை. அவர் வழிவந்த துறவிகளின் வறுமையே சர்ச்சையானது: கிறிஸ்துவுக்கும் சீடர்களுக்கும் எந்த உடைமையும் இல்லை என்று சாதிப்பது தப்பறை, அதாவது திருச்சபைப் போதனைக்கு எதிரான கொள்கை, என 1323இல் திருத்தந்தை 22ஆம் யோவான் அறிவித்தார்.

கேள்வி கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்பதும் சரியல்ல. யாருக்கு முதலில் கொடுப்பது என்று 12ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சட்ட அறிஞர்களே வாதாடினார்கள். உயிர் போகும் தேவையில் பிறர் பொருளை எடுப்பது திருட்டாகாது என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதினார் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். ஆனால் கொள்ளைநோயில் வேலையாட்கள் மடிந்து கூலி ஏறியதும், 1349இல் இங்கிலாந்து அரசாணை வேறு பக்கம் திரும்பியது: உழைக்கத் தெம்புள்ள பிச்சைக்காரருக்குக் கொடுத்தால், கொடுத்தவருக்கே சிறை.

ஃபுளோரன்சில் 1442இல் தோமினிக்கன் துறவி அந்தோனினோ தொடங்கிய குழுவின் அக்கறை வேறு. நொடித்துப்போய், கைநீட்டக் கூசிய குடும்பங்களைத் தேடி, ஊருக்குத் தெரியாமல் உதவினார்கள். அவர்களைவிட ஏழையாகத் தெருவில் கிடந்தவர்கள் அந்தக் குழுவின் கணக்கில் வரவில்லை.