பழியைப் பனிமேல் போடாதீர்கள்: ஆஸ்துமா மருந்தை நிறுத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொடைக்கானலில் ஏப்ரல், மே வந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். வெயில் இதமாக இருக்கும், ராத்திரி இருமல் இருக்காது. ‘இனி எதுக்கு இது?’ என்று தினமும் இழுக்கும் பஃப்பை, அதாவது இன்ஹேலரைத் தூக்கி அலமாரியில் போடுவோம். நானும் போட்டேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழையோடு மூட்டம் இறங்கியதும், ஏரியைச் சுற்றும் 5 கி.மீ. நடையில் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. “பனி ஜாஸ்தி, அதான்” என்றார்கள் வீட்டில். எனக்கும் அது வசதியாக இருந்தது. கார்த்திகையில் ஒரு நடுராத்திரி நெபுலைசர் வைக்க ஓடினோம்.

பனி அன்றைக்குத் தூண்டிவிட்டது, அவ்வளவுதான். பஃப்பை நிறுத்திய மே மாதமே கோளாறு ஆரம்பித்துவிட்டது. தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு பஃப் மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் அந்த வீக்கம் சில வாரங்களில் மெல்லத் திரும்பும். குளிர்காற்று, விறகுப் புகை, சுவரில் பூத்த பூஞ்சை எது பட்டாலும் குழாய் சட்டென்று சுருங்கும் நிலைக்கு வந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,041 குழந்தைகளை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை இழுத்த குழந்தைகளுக்கு இந்தக் கூருணர்ச்சி நன்றாகக் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்திச் சில மாதங்களில் அந்த லாபம் போய்விட்டது. இத்தனை ஆண்டு இழுத்தாயிற்று, குணமாகியிருக்கும் என்ற கணக்கு இதனால்தான் தப்பு.

அடுத்தது, மூச்சு முட்டும்போது உடனடி நிவாரணத்துக்கு இழுக்கும் நீலப் பஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவது. அதிலுள்ள சால்பூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும், நான்கைந்து மணி நேரம் மூச்சு இலகுவாகும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஆஸ்துமாவுக்கு இதை மட்டும் கொடுப்பதை உலகளாவிய சிகிச்சை வழிகாட்டுதல்கள் 2019-லேயே கைவிட்டுவிட்டன. நீலம் சீக்கிரம் சீக்கிரம் தீர்கிறது என்றால் அதுவே எச்சரிக்கை.

“ஸ்டீராய்டாமே, எலும்பு போயிடுமாம்” என்ற பயம் எங்கள் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஒரு தடவை இழுக்கும் பஃப்பில் ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம் என்று வையுங்கள். 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றுக்கு எடையளவில் 25 பஃப் கணக்காகிறது. அதிலும் ஒரு பகுதிதான் நுரையீரலுக்குப் போகிறது; மீதி பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது. அதிக அளவில் பல ஆண்டுகள் இழுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மற்றவர்களுக்கு வரக்கூடியது வாய்ப்புண், குரல் கம்மல். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கர்ப்பிணிகள் பயந்து நிறுத்துவது இன்னும் மோசம்: தாய்க்கு மூச்சு குறைந்தால் பிள்ளைக்கும் ஆக்சிஜன் குறையும். நாள்பட மாத்திரையாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து. அது தனிக் கதை.

குறைக்கவே முடியாதா? முடியும். சுமார் மூன்று மாதம் தொந்தரவில்லாமல் இருந்தால் மருத்துவரே கால் பங்கோ பாதியோ குறைப்பார். சளி பிடித்திருக்கும்போதும் பயணத்துக்கு முன்பும் குறைக்கமாட்டார். மலைக்காரர்கள் கூடவே ஒன்று கேளுங்கள்: மூட்டக் காலத்துக்கு முன்னால் குறைக்கலாமா என்று.

இப்போது நான் நெஞ்சை நம்புவதில்லை. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது, மெதுவாக நடக்கிறோம், வயசாகிறது என்கிறோம். ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி வாங்குங்கள். நன்றாக இருக்கும் இரண்டு வாரம் ஊதி, வந்த உச்ச எண்ணைக் குறித்து வையுங்கள். என்னுடையது 420. அதில் 80 சதவீதம், அதாவது 336-க்குக் குறையாமல் இருந்தால் பச்சை, பயமில்லை. அதற்குக் கீழே 210 வரை மஞ்சள், எச்சரிக்கை. 210-க்கும் கீழே சிவப்பு, ஆபத்து. ஆனால் மதுரையில் ஊதிய எண்ணை இங்கே வைத்து ஒப்பிடாதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு, சாதாரண மீட்டர்கள் சற்றுக் குறைத்தே காட்டும். மலையில் எடுத்த உச்சத்தோடுதான் மலை எண்ணைப் பார்க்க வேண்டும். பஃப்புக்கும் குளிர் ஆகாது. மார்கழி காலையில் டப்பா ஜில்லென்று இருந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு இழுங்கள், இல்லையென்றால் மருந்து சரியாகப் பீறிடாது.

பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது, நீலப் பஃப் இழுத்தும் அடங்கவில்லை என்றால் உடனே 108. மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களிலிருந்து கொடைக்கானல் வரவே ஒரு மணி நேரம் பிடிக்கும், ராத்திரி மூட்டத்தில் இன்னும் கூடும். அங்கே இருப்பவர்கள் சிவப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மஞ்சளிலேயே மருத்துவருக்குப் போன் போட்டு, வண்டிக்கும் சொல்லி வையுங்கள்.