முறுக்குக் கோபுரமும் ஈர்க்குச்சி மாதிரியும்

கோவையில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஒரு வடிவமைப்புப் போட்டிக்காக 30 மாடிக் கோபுரம் வரைந்தேன். மாடிக்கு 3 டிகிரி திருப்பம், உச்சியில் 90. ஸ்வீடனின் மால்மோ நகரில் 2005-இல் திறந்த டர்னிங் டோர்சோவும் 90 டிகிரிதான் திரும்புகிறது, ஆனால் 190 மீட்டர் உயரத்தில்.

தூண்களையும் கூடவே சாய்த்திருந்தேன். கணினியில் பார்த்தால் காற்றே இல்லாமல், சொந்த எடையிலேயே கட்டடம் மேலும் முறுக்கிக்கொண்டது. கணக்கில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். அப்புறம் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அப்பா, தென்னை ஈர்க்கையும் அட்டையையும் வைத்து ஒரு மாதிரி செய்து பார்க்கச் சொன்னார். உள்ளங்கையால் அழுத்தினேன். மேல் அட்டை என் கைக்கடியில் மெல்லத் திரும்பியது. "பாரு கண்ணு, கயித்துக்கு முறுக்கு ஏத்தற மாதிரியே இருக்குது" என்றார். அதேதான். எல்லாத் தூணும் ஒரே சுற்றில் சாய்ந்தால், எடையின் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளி முறுக்குவிசையாகிவிடும்.

தூண்களை உள்வட்டத்தில் செங்குத்தாக நிறுத்தினேன். தளத்தின் விளிம்பு மட்டும் வெளியே நீண்டு மாடிக்கு மாடி திரும்புகிறது.

ஆனாலும் காற்றுக்கு முறுக்கியது. குறை நடுவிலிருந்த லிப்ட் சுவரில். கதவுக்காக ஒரு பக்கம் முழுக்கத் திறந்து விட்டிருந்தேன். நூல் சுற்றிவரும் அட்டைக் குழாயை நீளவாக்கில் கீறிவிட்டுத் திருகினால் எவ்வளவு எளிதாகத் திரும்பும்! ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு மேலே கனமான பீம் கொடுத்து இரு பக்கச் சுவரையும் இணைத்தேன். சுவர் மூடிய பெட்டியானது, உச்சித் திருகல் அனுமதித்த அளவுக்குள் அடங்கியது.