எந்த அச்சைப் பற்றி? நிலைமத் திருப்புத்திறன் கணக்கில் நழுவும் இடங்கள்

ஆய்வகத்தில் கிடக்கும் மீட்டர் அளவுகோலை எடுத்து நடுவில் பிடியுங்கள். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினால் லேசாக ஆடும். இப்போது ஒரு முனையைப் பிடித்து அதே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள், கை திணறும். நிறை கூடவில்லை, அச்சுதான் இடம் மாறியிருக்கிறது. சுழற்சியை மாற்ற முயலும்போது பொருள் காட்டும் இந்த எதிர்ப்பின் அளவுதான் நிலைமத் திருப்புத்திறன்; அச்சு மாறினால் அதுவும் மாறும். அதனால்தான் "தண்டுக்கு நிறை × நீளம்² ÷ 12" என்று ஒரு மாணவர் ஒப்பித்ததும், "எந்த அச்சைப் பற்றி?" என்று கேட்டுவிடுவேன். அந்த வாய்பாடு நடுவழியே, தண்டுக்குச் செங்குத்தாகப் போகும் அச்சுக்கு மட்டும்தான். முனைக்கு வந்தால் 12 போய் 3 வரும்.

அதிகம் பேர் வழுக்கி விழுவது, ஓர் அச்சின் மதிப்பிலிருந்து அதற்கு இணையான இன்னோர் அச்சின் மதிப்பைக் கண்டுபிடிக்கும் இணை அச்சுத் தேற்றத்தில். அளவுகோலின் நிறை 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நடு அச்சுக்கு 0.01 கி.கி.மீ², முனைக்கு 0.04. முனையிலிருந்து 25 செ.மீ. உள்ளே தள்ளி அச்சு வைத்தால் எவ்வளவு? முனையின் 0.04-ஐ எடுத்து, அதோடு நிறை × தொலைவு² (0.0075) சேர்த்து 0.0475 என்று எழுதிவிடுகிறார்கள். நடுவை நெருங்கும்போது விடை குறைய வேண்டாமா? இங்கே முனையைவிடக் கூடிவிட்டதே! இந்தத் தேற்றம் நிறை மையத்திலிருந்துதான் புறப்படும். 0.01 + 0.0075 = 0.0175. இதுதான் சரி. முனை மதிப்பு மட்டுமே தெரிந்தால், முதலில் கழித்து நடுவுக்கு வந்துவிட்டு, பிறகு கூட்டுங்கள்.

மொத்த நிறையும் நிறை மையத்தில் குவிந்திருப்பதாக எண்ணுவதும் அடிக்கடி நடக்கிறது. முனை அச்சுக்கு அப்படிப் போட்டால் 0.03 வரும். விட்டுப்போன 0.01, தண்டு தன் மையத்தைச் சுற்றுவதற்கான பங்கு.

தளத்திலேயே கிடக்கும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அச்சுகளின் மதிப்புகளைக் கூட்டினால், அவை வெட்டும் இடத்தில் தளத்துக்குச் செங்குத்தாகப் போகும் மூன்றாவது அச்சின் மதிப்பு வரும் என்பது செங்குத்து அச்சுத் தேற்றம். அது தட்டையான பொருளுக்கு மட்டும். திண்மக் கோளத்தில் எந்த விட்டத்தைப் பற்றியும் ⅖ × நிறை × ஆரம்² தான். அங்கே இரண்டைக் கூட்டி மூன்றாவது அச்சுக்கு ⅘ என்று எழுதினால் கோளமே மறுக்கும்.

தடித்த சுவருள்ள குழாய்க்கு, அதன் நடுவே நீளவாக்கில் போகும் அச்சைப் பற்றி ½ × நிறை × (உள் ஆரம்² + வெளி ஆரம்²). உள்ளே வெற்றிடம்தானே என்று பலர் கழித்தல் குறி போடுகிறார்கள். சுவரை மெலிதாக்கிக்கொண்டே போங்கள். இரு ஆரங்களும் சமமாகும்போது கழித்தல் குறி பூஜ்யம் தரும், கூட்டல் குறி வளையத்துக்குரிய நிறை × ஆரம்² தரும். வாய்பாட்டில் உள்ள நிறை மிஞ்சிய குழாயின் நிறை, வெற்றிடம் அதிலேயே கழிந்துவிட்டது.

வட்டத்தட்டில் துளையிட்டால் மட்டும் நாமே கழிக்க வேண்டும். தட்டின் மையத்தையும் விளிம்பையும் தொடும்படி பாதி ஆரமுள்ள வட்டத்தை வெட்டினால், போகிற நிறை பாதியல்ல, கால். அந்தத் துண்டையும் இணை அச்சுத் தேற்றத்தால் தட்டின் மையத்துக்குக் கொண்டுவந்த பிறகே கழிக்கலாம். தட்டின் மையத்தில் அதற்குச் செங்குத்தான அச்சுக்கு, முழுத் தட்டின் ½, அதாவது 16/32-இல் வெட்டிய துண்டின் 3/32 போக, மீதி 13/32 × முழுத் தட்டின் நிறை × ஆரம்².